சின்னம்மா பேர் போடாத கப்பல்

என் கல்யாணத்துக்குச் சின்னம்மா போட்டது அரைப்பேர்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தெரணியகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்போம். விடிய, ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் போய் நின்று, கங்காணி அனுப்புகிற மலைக்கு ஏறி, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, சாயங்காலம் தராசில் மாட்டும்போது கேட்ட நிறை இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழை பெய்ததா, அட்டை கடித்ததா, முதுகு வலித்ததா என்றெல்லாம் தராசு விசாரிக்காது.

மற்றப் பெண்கள் அந்தத் தராசை மலையிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். சின்னம்மா, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்துக்கும் கொண்டுவருவார். கோயில் திருவிழா, தேர்தல் பேச்சு, பக்கத்து லயத்து மருமகளின் மீன் குழம்பு, எதுவானாலும் முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பு வரும். சூரிய கிரகணத்துக்குக்கூட அரைப்பேர்தான். "பாதிதானங்க மறைச்சிச்சு? அப்ப பாதிதான் குடுக்கலாம்."

ஒரு பெரிய மனிதர் எங்கள் லயத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் திறந்து வைக்க வந்தார். மாலை போட்டோம். அவர் குழாயைத் திருகினார். காற்று மட்டும் வந்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகு முன்வரிசையிலிருந்து சின்னம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. "மாலைக்கு ஒரு அரைப்பேரு போடலாங்க. கொழாய்க்கு ஒண்ணும் இல்ல." தமிழ் தெரியாத அந்த மனிதர், அம்மா என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். வாழ்த்துகிறார் என்று சொல்லிவிட்டோம். அவர் சின்னம்மாவைக் கும்பிட்டார்.

என் கல்யாணத்துக்கு வருவோம். சோறு பிந்திவிட்டது. மேளக்காரர் வந்த ஆட்டோ பாதி வழியில் படுத்துக்கொண்டதால் ஒருவனுடைய போனிலிருந்து நாதஸ்வரம் வந்தது. தாலி கட்டும் நேரம் பார்த்து அந்தப் போனுக்கு ஒரு அழைப்பும் வந்தது. "மாப்புள்ளைய மட்டும் பாத்திருந்தா அதுவும் போட்டிருக்க மாட்டேன். பொண்ணு மொகத்துக்காக அரைப்பேரு" என்றார் சின்னம்மா. என் மனைவி இன்றைக்கும் சண்டை வந்தால் இதை எடுப்பாள்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. லயத்தில் அடுத்த காம்பரா, அதாவது அடுத்த அறை. இரண்டு காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. நாங்கள் இங்கே தும்மினால் அங்கிருந்து "நூறு வயசு" என்று வரும். அந்தச் சுவரின் தயவில்தான் அவர் எனக்குச் சின்னம்மா ஆனார். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதும் அவருடைய விரல்கள் சேலைக் கரையைக் கிள்ளிக் கிள்ளிப் பறித்துக்கொண்டே இருக்கும். சாயமேறிக் கறுத்த விரல்கள். "கை சும்மா இருக்காதா சின்னம்மா?" என்று கேட்டால், "அதுக்குத் தெரியாதுடா, வேல முடிஞ்சிருச்சின்னு" என்பார்.

சின்னம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. சாவு வீட்டில் நல்ல கூட்டம். எனக்கு அழுகை வராமல், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு மடையன் மாதிரி ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். 'சீனி கம்மிடா. அரைப்பேரு.' சீனி உண்மையிலேயே கம்மிதான்.

முழுப்பேர் போடவே மாட்டாரா என்றால், போடுவார். தினமும் ஒன்று போடுவார். அவருக்கு ஒரே மகள். புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போனவர் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு போத்தலில் பால் போடாத சாயத் தண்ணியை ஊற்றி, அது ஆறாமல் ஒரு துணியைச் சுற்றி, கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவாள். போகிற வழியில் நாயோடு பேசி, கல்லைத் தட்டி, அவள் வந்து சேரும்போது தண்ணி எப்படியும் ஆறித்தான் இருக்கும். சின்னம்மா ஒரு மடக்குக் குடிப்பார். கண்ணை மூடுவார். அந்தச் சின்னப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"முழுப்பேரு."

அவள் குதிப்பாள். ஒரு நாள் சீனியே போட மறந்துவிட்டாள். அன்றைக்கும் முழுப்பேர்தான். வேறு யாராவது அப்படிக் கொடுத்திருந்தால் மூன்று லயத்துக்குக் கேட்டிருக்கும்.

இனி என்னைப் பற்றி. நான் ஒரு கரடி. கொழும்புப் பக்கம் ஒரு பெரிய பார்க்கில், ராட்டினமும் தண்ணிச் சறுக்குமாக இருக்கும் இடத்தில், பழுப்புக் கரடி வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு போட்டோவுக்கு நிற்பது என் உத்தியோகம். அதற்கு மூன்று தகுதி வேண்டும். உயரம், வேர்வையைத் தாங்குகிற உடம்பு, வாயைத் திறக்காமல் இருப்பது. கரடி பேசினால் பிள்ளைகள் பயந்துவிடுமாம். "கத்தா கரன்ன எப்பா மல்லி, கரடி பேசாது" என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். முதல் இரண்டு தகுதியை வைத்து வேலை கிடைத்தது. மூன்றாவதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சித்திரைக்கும் தோட்டத்திலிருந்து எனக்குப் போன் வரும். "அண்ணே, வருஷப் பொறப்பு ஸ்பெஷலாமே, வரலாமா? பெறுமதியா? அந்தச் சுத்துறது, ஆடுறது எல்லாம் சும்மா ஏமாத்தா?" முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்து நையாண்டி இருந்தது. இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். "புள்ள கேட்டிச்சா? கேட்டா வாங்க." அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். என்னோடு பேசினால் சிரிக்கலாம் என்று எடுத்த போன். ஏன் சிரிக்க வைப்பதில்லை என்பதற்குத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவுக்கு வந்தால் எனக்கு லயத்தில் ராஜ மரியாதை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அளப்பேன். எல்லாவற்றையும் விட அதிகமாக அளந்தது கப்பலைப் பற்றி. நிஜக் கப்பல் இல்லை. கப்பல் மாதிரி செய்து, நாற்பது பேரை உட்கார வைத்து, ஊஞ்சலாக ஆட்டுகிற சாமான். "ஆளு கீழ வந்துருவோம். வயிறு மட்டும் மேலயே நின்னுக்கிட்டு, 'நீங்க போங்க, நான் பின்னால வாரேன்'னு சொல்லும்" என்பேன். சின்னம்மாவின் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்பாள். "அண்ணே, இன்னொருக்கா சொல்லுங்கண்ணே, வயிறு என்னா சொல்லும்?"

ஒரு விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் நான் ஏறியதே இல்லை. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கால் நடுங்குகிற ஆள் நான். கீழே நின்று, இறங்கி வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் அனுபவமாக்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்குக்குச் சுற்றுலா போவதாக முடிவாகியது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூட வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். போவது வேலை நாளில். அவள் அதைக் கேட்ட அன்றைக்கு நான் லீவில் வந்திருந்தேன். சாயங்காலம், லயத்தில் பாதிப் பேர் எங்கள் இஸ்தோப்பில்.

"அம்மா, ஒரே ஒரு பேரும்மா. ஒரு நாள் பேர விட்டா என்னம்மா?"

"ஊஞ்சல் ஆடுறதுக்குப் பேர விடவா? ஆத்தா திருவிழாவுக்கே நான் பேர விட்டதில்ல."

"அது ஊஞ்சல் இல்லம்மா, கப்பலு. அண்ணன்கிட்டக் கேளுங்க."

சின்னம்மா என் பக்கம் திரும்பினார். விரல்கள் சேலைக் கரையைப் பறித்துக்கொண்டிருந்தன. "டேய், நீதான் அங்கயே கெடக்குற. வெளையாட்டு இல்லாமச் சொல்லு. அந்தக் கப்பலு ஒரு பேருக்குத் தாங்குமா?"

வெளையாட்டு இல்லாமல் என்று கேட்டார். அதை நான் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்வதென்றால், தெரியாது சின்னம்மா, நான் ஏறினதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வெட்கம். ஆகவே வாய் வழக்கமான வழியில் போனது.

"தாங்கவா? காலையில தின்ன ரொட்டிய வெளிய எடுக்கிறதுக்கு அங்க வரிசையில நிக்கிறாங்க சின்னம்மா. அதுக்கு நம்ம லயத்துக்குப் பின்னால இருக்கிற சரிவுல ரெண்டு தரம் உருண்டாப் போதும். பஸ்சும் வேணாம், டீச்சரும் வேணாம்."

இஸ்தோப்பு அதிர்ந்தது. என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதுதான் இன்னும் என்னைக் குடைகிறது. கண்ணில் தண்ணீர் நிற்க, பகிடி நன்றாயிருந்ததால் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டியா?" என்றார் சின்னம்மா. "பாக்காமலே அரைப்பேரு. அடுத்த வருஷம் பாப்போம்."

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். பதின்மூன்று வயது.

நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய விரல்கள் மட்டும் வேலையாக இருந்தன.

நாலாம் நாள் பிரட்டுக்கு வந்து நின்றாராம். கருமாதிகூட ஆகவில்லை. கங்காணி, "வீட்டுக்குப் போங்கம்மா" என்றிருக்கிறார். "வீட்ல என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு மலைக்கு ஏறிவிட்டார். சாயங்காலம் தராசில் பாதி நிறைகூட இல்லை. கங்காணி அப்படியும் முழுப்பேர் போட்டார். சின்னம்மா நகரவில்லை. "ஐயா, எரக்கத்தையெல்லாம் பறிச்சிக் கூடையில போட முடியாதுங்க. நான் பறிச்சது அரைப்பேருக்குத்தான். அதையே போடுங்க." கங்காணி அழித்துவிட்டு எழுதியதை என் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். நிறுத்து முடிந்த பிறகும் சின்னம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாராம். போத்தல் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் முழுப்பேர் போட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. என் கல்யாணமும் அதற்குப் பிறகுதான். இப்போது நினைத்தால் அந்த அரைப்பேர் பெரிய மனசு.

இரண்டு வருஷம் போனது. ஒரு சித்திரைக்குச் சற்று முன்பு நான் லீவில் வந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டேய், அந்தக் கப்பலு இன்னும் இருக்கா?"

"இருக்கு சின்னம்மா."

"நான் அதப் பாக்கணும்."

வருஷப் பிறப்பு லீவில் தோட்டம் மூடியிருந்தது. பேர் போகாத நாள். பார்க்கில் வேலை செய்கிறவர்களின் வீட்டாட்களுக்கு அன்றைக்கு இலவசம். விடியக் காலை தெரணியகலையில் பஸ் ஏறினோம். சின்னம்மா நல்ல நாளுக்கென்று வைத்திருந்த பெட்டிச் சேலை கட்டி, ரொட்டியும் சம்பலும் பார்சல் கட்டிக்கொண்டு வந்தார். பஸ்சில் பக்கத்துப் பெண்ணிடம் எனக்குத் தெரியாத அளவு நல்ல சிங்களத்தில் பேசினார். மகன் என்று என்னைக் காட்டினார். என்ன வேலை என்று அந்தப் பெண் கேட்க, "வலஹா" என்றார். கரடி. அந்தப் பெண் அவிசாவளை வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பார்க் முழுக்க வருஷப் பிறப்பு ஸ்பெஷல். தென்னோலைத் தோரணம், காது கிழிகிற பாட்டு, கிரீஸ் பூசிய மரம், முட்டி உடைப்பு, ஒரு பெரிய யந்திரத்திலிருந்து பீய்ச்சுகிற சோப்பு நுரை. சின்னம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய் நின்றார்.

தலையணைச் சண்டையில் இரண்டு பேர் கட்டையில் உட்கார்ந்து மொத்திக்கொண்டார்கள். "இதப் பாக்க இம்புட்டுத் தூரமா? நம்ம கடைசி லயத்துல மாமியாரும் மருமவளும் தலையணை இல்லாமலே நல்லாச் செய்வாங்க. அரைப்பேரு."

நுரைக்குள் பிள்ளைகள் முங்கி எழும்பினார்கள். "சவர்க்காரத்த வீணாக்குறானுங்க. அரைப்பேரு."

கட்டைக்கால் மனிதன் ஒருவன் ஆடியபடி வந்தான். "விழுவானா?" "விழ மாட்டான் சின்னம்மா, பழகினவன்." "அப்ப அரைப்பேரு."

ஒவ்வொரு அரைப்பேருக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வந்தது. பெட்டிச் சேலைக்குள் தோள் நிமிர்ந்தது. சந்தோஷமாக இருக்கிறார், கூட்டி வந்தது நல்லதாயிற்று என்று நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். விஷயம் விளங்காத இடத்தில் பெருமைப்படுவது எனக்குப் பிறவி வரம்.

நடுவில் ஒரு மணி நேரம் கரடியாகிவிட்டு வர வேண்டியிருந்தது. எந்தக் கரடி நான் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்பெஷல் என்பதால் மூன்று கரடி. சின்னம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ரொம்ப வேர்க்குதாடா?"

பிறகு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "காலு" என்றார். "பொறந்ததுல இருந்து ஒன் ரெண்டு காலும் ஒண்ண ஒண்ணு பாத்துப் பேசிக்கிட்டுத்தான நடக்குது? கரடித் தோலப் போட்டா மாறிருமா?"

கடைசியாகக் கப்பல். அதன் முன்னாலும் போய் நின்றார். இரண்டு ஆட்டம் பார்த்தார். "வா, ஏறுவோம்."

"நீங்க ஏறுங்க சின்னம்மா, நான் சேலையப் பாத்துக்கிறேன்" என்று உளறினேன்.

"சேலை என் மேலதான்டா இருக்கு. நீ தெனம் ஏறுறவன்தான?"

ஏறினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. கடைசி வரிசை. கப்பல் முதலில் தொட்டில் மாதிரி ஆடியது. பிறகு வானம் காலுக்குக் கீழே வந்தது. நான் எங்கள் தோட்டத்து மாரியம்மனைக் கூப்பிட்டேன், கதிர்காமத்தானைக் கூப்பிட்டேன், என் அம்மாவைக் கூப்பிட்டேன். உயிரோடு இறக்கிவிட்டால் இனிப் பொய்யே சொல்ல மாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். பத்து நிமிஷத்தில் அதை உடைப்பேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த அலறலுக்கு நடுவே ஒரு சிரிப்புக் கேட்டது. யாரென்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சின்னம்மா. கொண்டை அவிழ்ந்து, வாய் திறந்து, கப்பல் உச்சிக்குப் போகும்போதெல்லாம் பதின்மூன்று வயதுப் பெண் மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அந்தச் சுவர் வழியாகக்கூட நான் கேட்டதில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் எதையும் பறிக்கவில்லை.

இறங்கிய பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார். நாலு எட்டு வைத்தார். சிரிப்பு நடுவில் அறுந்தது. பூப்பாத்தி விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டேய், நல்லாருக்குடா."

வீட்டில் யாருக்கோ கெட்ட சேதி சொல்ல வந்தவர் குரல் அது.

"அவ சொன்ன மாதிரியேதான்டா இருக்கு. வயிறு மேலயே நின்னுக்கிருச்சு. நான் நெனச்சேன், ஒண்ணுமில்லாத சாமானா இருக்கும்னு. நீதான சொன்ன, சரிவுல உருண்ட மாதிரின்னு."

காலையிலிருந்து போட்ட அரைப்பேர்களுக்கெல்லாம் அப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது. அந்தக் கப்பல் எதற்கும் உதவாதது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். மகளுக்குத் தான் கொடுக்காமல் விட்டது ஒன்றுமேயில்லை என்று தெரிந்தால் போதும் அவருக்கு. அவரை நான் அவ்வளவு தூரம் கூட்டிவந்து, அதைக் கெடுத்துவிட்டேன்.

வாய் மறுபடியும் வழக்கமான வழியில் போனது. இந்தத் தடவை பகிடிக்காக இல்லை.

"சின்னம்மா, இது இன்னைக்கு ஸ்பெஷல். வருஷப் பொறப்புக்குன்னு மோட்டர முறுக்கிவிட்டிருக்கானுங்க. சும்மா நாள்ல வந்தா சிரிப்பீங்க. தொட்டில் மாதிரி லேசா ஆடி நின்னுரும். ஒக்காந்து ஒரு தூக்கம் போடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப அந்த வருஷம்?"

"அந்த வருஷம் ரிப்பேரு. பாதி நாள் ஓடவே இல்ல. அந்த ஸ்கூல் புள்ளைங்க சும்மா நின்னு பாத்துட்டுத்தான் போனாங்க."

இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வந்த அன்றைக்குக் கரடியாக நின்றவன் நான். அவர்கள் கப்பலில் மூன்று தரம் ஏறினார்கள். நாலாவது தரத்துக்கு டீச்சரோடு சண்டை பிடித்தார்கள்.

"அப்ப அரைப்பேருன்னு வச்சிக்கலாமா?" என்று கேட்டார் சின்னம்மா. அவர் தீர்ப்பை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தாராளமா வச்சிக்கலாம் சின்னம்மா."

வைத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ரொட்டிப் பார்சலைப் பிரித்து எனக்கு இரண்டு தந்தார். பஸ்சில் வரும்போது தூங்கினார். லயத்தில் எல்லாரும் சுற்றிக்கொண்டு, பார்க் எப்படி, என்ன பேர் என்று கேட்டார்கள். தலையணைச் சண்டைக்கும் நுரைக்கும் போட்டதையெல்லாம் சொன்னார். கப்பலைப் பற்றிக் கேட்டபோது, "அடுப்புல தண்ணி கொதிக்குது" என்று எழும்பிப் போய்விட்டார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பார்க்கில் தூறல். ஸ்பெஷல் ஒன்றும் இல்லை, பாட்டும் இல்லை. ஆட்களே நூறு பேர் இருக்க மாட்டார்கள். போட்டோவுக்கு யாரும் வராததால் கரடி கப்பலுக்கு எதிரே ஒரு கூரையின் கீழ் ஒதுங்கி நின்றது.

கரடித் தலைக்குள் கண்ணுக்கு இரண்டு ஓட்டைதான். அதன் வழியாக முதலில் குடையைப் பார்த்தேன். பிறகு பெட்டிச் சேலையை.

மழை விட்டு மழை பெய்து, மலையில் கொழுந்து குவிகிற காலம் அது. அன்றைக்கு வேலை நாள். மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களையும் சாவையும் தவிர வேறு எதற்கும் பேரை விடாத சின்னம்மா, யாரிடமும் சொல்லாமல், தனியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அந்தப் பெண் கேட்ட அந்த ஒரே ஒரு பேரை விட்டுவிட்டு வந்திருந்தார்.

கப்பலில் ஆறேழு பேர்தான். அதே கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலி. அந்தக் காலி இடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

தொட்டில் மாதிரி ஆடி நின்றுவிட வேண்டும் என்று நான் அந்த மாரியம்மனையே மறுபடி கேட்டேன். பொய்யனுக்கு யார் காது கொடுப்பார்கள்? கப்பல் என்றைக்கும் போகிற உயரத்துக்குப் போனது. சித்திரையில் போன அதே உயரம். இந்தத் தடவை சின்னம்மா சிரிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. உச்சிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இறங்கி, மழைக்கு ஒதுங்க இந்தக் கூரையை நோக்கித்தான் வந்தார். ஓடலாமென்றால் கரடியால் ஓட முடியாது. ஒன்றே ஒன்று தோன்றியது. கால் இரண்டையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, வாத்து மாதிரி நாலு எட்டு வைத்துப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்தில் என் பாதங்கள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியது அன்றைக்குத்தான். சுரீரென்று வலித்தது.

சின்னம்மா வாங்கின் மறு முனையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பார்சல். குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு கரடியின் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத ஒருவனிடம் கேட்பது போலச் சிங்களத்தில் கேட்டார்.

"மேக்க ஹெமதாம மெஹெமத புத்தே?"

இது எல்லா நாளும் இப்படித்தானா, மகனே.

கரடிக்கு வாய் கிடையாது. பகிடி கிடையாது. மோட்டரை முறுக்கிவிட்ட கதை கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தலையை மேலும் கீழும் ஆட்டுவது, இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஆட்டுவது. பக்கவாட்டில் ஆட்டியிருக்கலாம். இன்றைக்கு மழை என்பதால் அதிகமாக ஆடியது அம்மா என்று அந்த ஆட்டலுக்கு அவர் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் வெளையாட்டு இல்லாமல் கேட்டார். இரண்டாவது தரம்.

பெரிய தலை, தானாக ஆடாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆட்டினேன்.

சின்னம்மாவும் தலையாட்டினார். மடியில் அவர் விரல்கள் சும்மா கிடந்தன. பேர் ஒன்றும் போடவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

பார்சல் வாங்கிலேயே இருந்தது. மறந்துவிட்டார். கூப்பிடுவதற்குக் கரடிக்குக் குரல் இல்லை. பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த வாத்து நடையிலேயே பின்னால் போய், இரண்டு பஞ்சுக் கையையும் தட்டினேன். சத்தமே வரவில்லை. ஆனாலும் சின்னம்மா திரும்பினார். பார்சலைப் பார்த்தார். பிறகு கீழே, என் காலைப் பார்த்தார்.

"ஒனக்குத்தான்டா அது" என்றார் தமிழில். "காலை அப்புடித் திருப்பி வச்சி நடக்காத. நோவும்."

குடை வாசல் பக்கம் திரும்பி மறையும் வரை அங்கேயே நின்றேன். பிறகு காலை உள்ளே திருப்பிக்கொண்டேன்.